அம்மாவின் ரேடியோவில் சிவப்புப் பொட்டு

எதைக் கண்டாலும் துடைத்துவிட வேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். அப்படிப்பட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. "விடு, வேணும்னா செஞ்சார்?" என்று சமாதானம் சொன்னவர்கள் நிறையப் பேர். வேண்டுமென்று செய்யவில்லை, சரி. சொல்லியும் செய்தாரே, அதற்கு என்ன பெயர்?

தொண்ணூறுகளில் நான் மைசூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். மீட்டரும் சால்டரிங் அயர்னும் நாள் முழுக்கக் கையில் புழங்குகிற வேலை. அந்தப் பழக்கத்தில்தான் பழைய வால்வு ரேடியோக்கள் மேல் பைத்தியம் பிடித்தது. மேஜைமேல் வைக்கிற பெரிய மரப்பெட்டி ரேடியோக்களைச் சொல்கிறேன். டிரான்சிஸ்டர் வந்ததும் பரணுக்கு ஏறியவை, டிவி வந்ததும் பரணிலிருந்து இறங்கிப் பழைய சாமான் கடைக்குப் போனவை. ஞாயிற்றுக்கிழமையானால் மண்டி மொஹல்லா சந்துகளில் அவற்றைத் தேடிக்கொண்டு சுற்றுவேன். கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "செட் வேணும்னா சார் வந்து பாக்கட்டும் மேடம்" என்பார்கள். கல்யாணமே ஆகாதவளுக்கு எந்த சார்? என் கண் முன்னாலேயே ஒருவர் நல்ல டிரான்ஸ்பார்மரைச் சுத்தியலால் உடைத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

வாங்கி வந்த செட்டுகளை வீட்டில் பிரித்து, செத்துப்போன கெப்பாசிட்டரை மாற்றி, வால்வுகளைச் சோதித்து, பாட வைப்பேன். மரத்துக்கு எண்ணெய் போடுவேன். ஆனால் டயல் கண்ணாடி விஷயத்தில் மட்டும் நான் மகா கண்டிப்பு. முள் ஓடுகிற அந்தக் கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் பெயிண்டில் அச்சடித்திருக்கும். வயதான பெயிண்ட் ஈரத் துணி பட்டாலே உரிந்து வந்துவிடும். அதனால் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி. கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று யாராவது குறை சொன்னால், இருக்கட்டும் என்பேன்.

எங்கள் வீட்டில் பிரஷ்கூடப் படாத ஒரு கண்ணாடி இருந்தது. அது அம்மாவின் ரேடியோ.

கொள்ளேகாலில் எங்கள் வீடு பட்டுத் தறி வீடு. அப்பா கல்யாணமான புதிதில் வாங்கிய செட் அது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டயலில் இருந்ததோ இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொரு தடவையும் "இதக் கொஞ்சம் வெச்சுக் குடுங்க" என்று அப்பாவிடம் போய் நிற்க அம்மாவுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வேலம்பிசினைக் கரைத்து, சுண்ணாம்பில் குழைத்து, மைசூர் நிலையம் கேட்கிற இடத்தில் கண்ணாடிமேல் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தாள். திருச்சிக்கு மஞ்சள். பெங்களூருக்குக் கண்மையால் ஒரு கறுப்பு. அப்புறம் எங்கள் வீட்டில் ஊர்ப் பெயரே வழக்கொழிந்து போனது. "மஞ்சள்ல செய்தி போயிருச்சா?", "கறுப்புல நல்ல பாட்டு, சத்தமா வையி" என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். நடுவில் ஒரு தடவை முள்ளை இழுக்கிற நூல் அறுந்து அப்பாவே புது நூல் கட்டினார். அது ஒரு விரற்கடை தள்ளிக் கட்டப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அச்சடித்த பெயர்கள் ஒரு பக்கம், நிலையங்கள் ஒரு பக்கம். அம்மா பாட்டுக்குப் பொட்டுகளைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

சிவப்புப் பொட்டு கடைசியில் வந்தது. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ரேடியோவைத் தலைமாட்டில் வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் எதையோ தேடி முள்ளைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மஞ்சளைத் தாண்டி, கறுப்புக்கு வராமல், நிலையமே இல்லாத ஓர் இடத்தில் கை நின்றது. செட் 'உஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது. அப்பா போய்விட்டார். யாரோ செட்டை அணைக்கப் போனபோது அம்மா, "அணைங்க, முள்ள ஆரும் அசைக்கக் கூடாது" என்று அலறினாள். காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்து அவள் நெற்றியைத் துடைத்தார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அம்மா எழுந்து போய், தன் குங்குமச் சிமிழில் இருந்ததைப் பிசினில் குழைத்து, முள் நின்ற இடத்துக்கு நேராக ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நெற்றியில் இருந்தது போனது. கண்ணாடியில் இருந்தது நின்றது.

பிறகு அம்மா என்னோடு இருக்க மைசூருக்கு வந்தாள். துணிமணிக்கு முன்னால் ரேடியோதான் பஸ்ஸிலிருந்து இறங்கியது. அதற்குள் அது ஊமையாகியிருந்தது. நான் அதன் வயிற்றைத் திறந்து எல்லாம் சரி செய்தேன், ஆனால் அப்பா கட்டிய நூலையும் கண்ணாடியையும் தொடவில்லை. வேறு எந்த செட்டாக இருந்தாலும் முள்ளை நகர்த்திப் பெயர்களோடு பொருத்தியிருப்பேன். இதில் பெயர்கள் பொய், பொட்டுகள்தான் நிஜம்.

அம்மா அதை நாள் முழுக்கக் கேட்பாள். காய் நறுக்கும்போது வெள்ளை, மத்தியானம் கறுப்பு, சாயங்காலம் மஞ்சள். அணைக்கிற வேலை மட்டும் அவளுடையது. முள்ளைச் சிவப்புக்குக் கொண்டுபோய் நிறுத்துவாள். அந்த 'உஸ்' சத்தத்தைச் சற்று நேரம் கேட்பாள். பிறகு அணைப்பாள். அவசரத்தில் ஒரு நாள் நான் அணைத்துவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற இன்ஜினியர். பழைய ரேடியோ சேர்க்கிறவர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டி ஒரு சங்கம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் தமிழ்தான், ஆனால் பேச்சில் பாதி கன்னடமும் மீதி இங்கிலீஷும். ஒரு வால்வு கேட்டு வந்தவர் அம்மாவின் செட்டைப் பார்த்ததும் அசந்து நின்றுவிட்டார். தசராவுக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் பழைய ரேடியோக்களைப் பார்வைக்கு வைக்கப் போவதாகவும், இந்த செட் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

முடியாது என்றேன். அம்மாதான், "குடு கண்ணு. உங்கொப்பன் வாங்குன ரேடியோவ நாலு பேரு பாக்கட்டுமே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

ஆனால் அவரிடம் சொன்னேன். வாசலில் நிற்க வைத்துச் சொன்னேன். "சார், இந்தக் கண்ணாடியில இருக்கற பொட்டெல்லாம் எங்கம்மா வெச்சது. அதத் தொடக் கூடாது. முள்ளும் தள்ளித்தான் இருக்கும், அதையும் சரி பண்ணாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே வைங்க."

"ஆயித்தும்மா, ஆகட்டும். ஒய் டு யூ வொர்ரி? நான் எத்தன செட் பாத்திருக்கேன், கொத்தா, தெரியுமா?" என்றார்.

அம்மா தன் பங்குக்கு, "ஏனுங்க சார், அந்தச் செகப்பு மட்டும் போச்சுன்னா திரும்ப வெக்க முடியாதுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பூம்பூம் மாடு ஆட்டுமே, அந்த மாதிரி. காரின் பின் சீட்டில் செட்டை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரேடியோ இல்லாத வீட்டில் அம்மா சும்மா சும்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். என் அலமாரியில் வரிசையாக செட்டுகள் இருக்கின்றன, எதையாவது போடட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் உன்ற ரேடியோ" என்று சொல்லிவிட்டாள். ஆயுத பூஜை நாளன்று கண்காட்சி திறப்பு. அம்மா காலையிலேயே நல்ல பட்டுப் புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா தறியில் நெய்த புடவை அது.

ஆயுத பூஜையன்று மைசூரில் பொட்டு வைக்காத இரும்பு உண்டா? ஸ்கூட்டர், ஆட்டோ, தையல் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. அந்த ஹாலிலும் பூஜை முடிந்து ஊதுவத்தி வாசனையாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில் ரேடியோக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூ, நெற்றிக்கு நேராகச் சந்தனத்தின் மேல் பெரிய குங்குமப் பொட்டு. முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள்.

எங்கள் செட் நடு மேஜையில் இருந்தது. முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மரம் புதுக் கல்யாண பீரோ மாதிரி பளபளவென்று மின்னியது. பக்கத்தில் ஒரு அட்டை. 'கொள்ளேகால் நெசவாளர் குடும்பத்தின் ரேடியோ' என்று போட்டு, புதுப்பித்தவர் என்று அந்த மனிதரின் பெயர் இருந்தது. உள்ளே ஒவ்வொரு இணைப்பையும் சூடு பட்டுப் பட்டுப் பற்ற வைத்தவள் நான். புதுப்பித்தவர் அவராம்! நான் அட்டையைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்தால்தானே. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வெள்ளை இல்லை, மஞ்சள் இல்லை, கறுப்பு இல்லை. சிவப்பும் இல்லை. முள் நகர்ந்து போய் மைசூர் என்ற இங்கிலீஷ் எழுத்தின்மேல் கச்சிதமாக நின்றது.

அம்மா கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து கண்ணாடியை விரலால் தடவினாள். கண் பொய் சொல்கிறதோ என்று விரலால் பார்த்திருக்க வேண்டும். அந்த மனிதர் எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். "அம்மா, அம்மா, முட்டபேடி! தொடாதீங்க! தூரத்துலேந்து பாருங்க!"

யாரிடம் சொல்கிறார்? அவளுடைய ரேடியோவை அவளே தொடக் கூடாதாம். எனக்கு வந்ததே கோபம், அந்த மேஜையையே புரட்டிப் போட்டிருப்பேன். "சார், தொடாதீங்கன்னு நான் சொன்னப்ப உங்க காதுல விழுந்துச்சா?" என்று கத்தினேன். ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள்.

அவருக்கு அப்போதுதான் நாங்கள் யார் என்று புரிந்தது. கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டுமே? சிரித்தார். "நோடம்மா, எப்படி ஆகியிருக்கு பாரு. கண்ணாடி மேல என்னென்னமோ ஒட்டிக்கிட்டிருந்தது, கொளெ, அழுக்கு. ஒரு நாள் பூரா உக்காந்து நானே எடுத்தேன். எழுத்து ஒண்ணுகூடப் போகல. முள்ளையும் கரெக்டா செட் பண்ணிட்டேன். எல்லாம் சும்னேதான், ஒரு பைசா வேண்டாம்."

சும்மா செய்தாராம்! உபகாரம் செய்தாராம்! எழுத்து போகாமல் பொட்டை மட்டும் எடுக்கத் தெரிந்த அந்தக் கைக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது. அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து அழித்திருக்கிறார். ஒவ்வொரு பொட்டாக. வாசலில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சொன்னது ஒரு தடவைகூடவா நினைவுக்கு வந்திருக்காது?

அம்மா என்னைவிட அமைதியாகக் கேட்டாள். "ஏனுங்க சார், அந்தச் செகப்பு எங்கீங்க?"

"அதுக்கென்னம்மா, ஒரு டாட்தானே? எங்க வேணும்னு சொல்லுங்க, நானே வெச்சுடறேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு மை பேனாவையும் எடுத்துவிட்டார்.

நான் கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். மற்ற மூன்றையும் காதால் கண்டுபிடித்துவிடலாம், நிலையம் கேட்கிற இடத்தில் வைத்தால் போதும். சிவப்பு இருந்த இடத்தில் எந்த நிலையமும் இல்லையே. திருச்சிக்கும் பெங்களூருக்கும் நடுவில் எங்கே போனாலும் அதே இரைச்சல்தான். அப்பா கட்டிய நூலையும் இவர் அவிழ்த்து நகர்த்திவிட்டார். எதை வைத்து அளப்பது? என் புத்தி, அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "சுமாரா இங்க எங்கயாவது இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "சுமாராவா? உங்கொப்பன் சுமாராவா செத்தாரு?"

அந்த மனிதர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அதே சமயம் அவருடைய மனைவி தாம்பாளத்தோடு எங்கள் பக்கம் வந்தார். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தவர், சண்டையைத் தணிக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தபடி என்னிடம் தட்டை நீட்டினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு அடுத்து அம்மாவிடம் வந்தது. வெற்று நெற்றியைப் பார்த்தது. அப்படியே வளைந்து அடுத்த பெண்ணிடம் போனது. அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், எங்கள் சொந்தத்திலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அது அம்மாவின் கண்ணில் பட்டது.

அம்மா கையை நீட்டித் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள். இன்னொரு கையால் எங்கள் ரேடியோவின் நெற்றியைக் காட்டினாள். அங்கே சந்தனத்தின் மேல் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு இருந்தது, ஈரம் காயாமல்.

"இது ஆருங்க வெச்சது?"

"பூஜைக்கு வெச்சதும்மா, நான்தான்" என்றார் அந்த மனிதர்.

"நீங்க வெச்சாப் பூசை. நான் வெச்சா அழுக்குங்களா?"

அம்மாவுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த 'ங்க' போகாது. அன்றைக்கு அதுவே அறைகிற மாதிரி இருந்தது.

"அன்னிக்கி ஊரே கூடி என்ற நெத்தியத் தொடச்சாங்க. ஒரு வார்த்தை பேசாம ஒக்காந்திருந்தேன். அந்தக் குங்குமத்தத்தான் கொண்டுபோயி இந்தக் கண்ணாடில வெச்சிருந்தேன். அதயும் தேடி வந்து தொடச்சுட்டீங்க." சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து குங்குமத்தை அள்ளித் தன் நெற்றி நடுவில் வைத்து அழுத்தினாள். மூக்கில், அப்பா நெய்த பட்டில் எல்லாம் கொட்டியது. "இப்ப இங்க வெச்சிருக்கறேன். வாங்க. வந்து தொடைங்க பாக்கலாமுங்க."

அந்த மனிதர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். அப்போதும் துடைப்புதான்! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அம்மா என்னைப் பார்த்து, "அம்மிணி, ரேடியோவத் தூக்கு. ஆட்டோவக் கூப்புடு" என்றாள். அட்டையைக் கிழித்து மேஜையில் போட்டுவிட்டு செட்டைத் தூக்கினேன். யாரும் தடுக்கவில்லை.

ஆட்டோவுக்கும் அன்றைக்குப் பூஜை போட்டிருந்தார்கள். வழி நெடுகச் சாமந்தி இதழ்கள் எங்கள் மடியில் உதிர்ந்தன. அம்மா ரேடியோவை அணைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். கொள்ளேகால் சொந்தக்காரர்கள் நெற்றியைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று எனக்குள் ஓடியது. பிற்பாடு சொல்லத்தான் சொன்னார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை, நெற்றிப் பொட்டையும் விடவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா பிசின் கரைத்தாள். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு முள்ளை மெல்ல மெல்லத் திருப்பினாள். மைசூர் கிடைத்ததும் ஒரு வெள்ளை. திருச்சிக்கு மஞ்சள். பெங்களூருக்குக் கறுப்பு. மூன்றும் முன்னைவிட வட்டமாக விழுந்தன. மஞ்சளில் செய்தி முடியும்வரை கேட்டாள்.

பிறகு அணைக்கிற நேரம் வந்தது. அம்மா முள்ளை மஞ்சளைத் தாண்டி நகர்த்தினாள். 'உஸ்' என்று இரைந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள், அங்கேயும் அதே இரைச்சல். பின்னால் கொண்டுவந்தாள். மறுபடி முன்னால். கறுப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். வெகுநேரம் அப்படியே போய் வந்துகொண்டிருந்தவள், கடைசியில் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நீயே அணைச்சுரு கண்ணு" என்றாள்.